எழுத்தே தொழிலாக

ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிபுரிவோருக்கு மாதம் முடிந்தால் ஊதியம் வந்துவிடும். எழுத்தை மட்டுமே நம்பி வாழ்பவருக்கோ, படைப்பு அச்சேறிய பின்னரே சிறுதொகை கைக்கு வரும். 1966இல் நிலையான பணியைத் துறந்து அவ்வாழ்வை ஏற்றவர் அசோகமித்திரன்.

செகந்திராபாத்தில் பிறந்த அவர், 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். நாளிதழ்ச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலை. நாள்முழுதும் தாள் கிழிக்கும் அவரைச் சும்மா இருப்பவரென்றே பலர் எண்ணினர். அவரோ அங்கிருந்த எளிய ஊழியர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். திரையுலகின் மறுபக்கத்தைக் காட்டும் 'கரைந்த நிழல்கள்' புதினத்தின் வேர் அங்கேதான் உள்ளது.

அடைமொழிகளைக் குறைத்துச் சிறு தொடர்களில் எழுதுவது அவர் முறை. அழுகுரல் இன்றியே வறுமையைக் காட்டும் அந்நடை எளிதாகத் தோன்றும். எழுதிப் பார்ப்போருக்கே அதன் கடினம் விளங்கும். 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு 1996இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, அவர் மாத ஊதியத்தை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.