வாயில்லா உயிரின் வலி

சவ்வாது மலையின் அடிவாரத்தே அமைந்த செங்கம், நடுகற்களால் புகழ் பெற்ற பகுதியாகும். அப்பகுதியில் உள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக, கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் ஆட்சியில் அது நடப்பெற்றது. வீரனோடு அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தமக்கு உழைத்த விலங்கை அக்கால மக்கள் மறந்தாரல்லர்.

நாய் மந்தையைக் காத்தது போலப் பூனை களஞ்சியத்தைக் காத்து வந்துள்ளது. சாமையும் கேழ்வரகும் விளையும் மலைநாட்டில் எலி உழவருக்குப் பகையன்றோ? அப்பகையை ஒழித்த பூனை, முதுமையில் அடுப்பங்கரையிலேயே சுருண்டு கிடக்கும்போது, 'சோம்பல் பிடித்துவிட்டது' எனப் பலரும் எண்ணுவர். உண்மைக் காரணம் மூட்டு வலியாக இருக்கலாம்.

எலும்புகள் கூடும் மூட்டில், அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். வயது ஏற ஏற அது தேயும், மூட்டு இறுகும், அசைவுதோறும் வலி எழும். அமெரிக்காவில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்ததென 2002ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

எனினும், பூனை வலியால் கத்துவதில்லை, நொண்டுவதும் குறைவு. முன்பு ஒரே தாவலில் ஏறிய திண்ணையில் தயங்கி ஏறும், முதுகை நக்கித் தூய்மை செய்யாது விடும், தொட்டால் சீறும். இவையே அது பேசும் மொழி.

இதனைக் கண்டு இரங்கி, வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுப்பது பெருந்தீங்காக முடியும். மனிதர் உண்ணும் பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. அது குருதியின் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். ஒரே மாத்திரையும் உயிரைப் பறிக்கக்கூடும்.

மெலாக்சிகாம் என்னும் மருந்தைப் பூனைக்கு நெடுங்காலம் கொடுக்க ஐரோப்பிய நாடுகள் இசைவளித்துள்ளன. அங்கு 4 கிலோ எடையுள்ள பூனைக்குத் தொடர்ந்து அளிக்கும் நாளளவு 0.2 மில்லிகிராமே. மனிதருக்குரிய சிறு மாத்திரையிலோ 7.5 மில்லிகிராம் உள்ளது. அஃதாவது, ஏறத்தாழ 37 மடங்கு! அமெரிக்க அரசோ, சிறுநீரகம் பழுதுறும் எனக் கருதி, அம்மருந்தைப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தலாகாது என எச்சரித்துள்ளது. ஆதலின், கால்நடை மருத்துவர் குருதியையும் சிறுநீரையும் சோதித்த பின்னரே மருந்தையும் அளவையும் முடிவு செய்வார். வலி தணியும் மிகக் குறைந்த அளவே சிறந்த அளவு. பூனை உணவை வெறுத்தாலும் வாந்தி எடுத்தாலும், மருந்தை நிறுத்தி அவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். மாதம் ஒருமுறை போடும் பிரூனெவெட்மாப் என்னும் ஊசி மருந்துக்கு 2022ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

மருந்து வலியைத் தணிக்குமேயன்றித் தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்காது. ஆகவே, வாழ்நாள் முழுதும் கவனிப்பு வேண்டும். மிகுந்த எடையைக் குறைத்தல், மெத்தென்ற படுக்கை அமைத்தல், ஏறுவதற்குத் தாழ்ந்த படி வைத்தல், உணவையும் நீரையும் அருகில் வைத்தல் ஆகியவை மருந்துக்குத் துணை நிற்கும்.

வாய் திறந்து சொல்லாத உயிரின் வலியைக் கண்ணால் அறிதலும், அதன் உடலுக்கேற்ற மருந்தை அளவோடு அளித்தலும் வளர்ப்போரின் கடமையாகும். அன்பு மட்டும் போதாது. அறிவும் அதனுடன் சேர்தல் வேண்டும்.