நாளொரு படம்

நுழையும்முன்

கைப்பேசி புழங்கும் வீடெல்லாம் இன்று ஒளிப்படக் கருவி உள்ள வீடுதான். திருவிழாவிலும் திருமணத்திலும் நூற்றுக்கணக்கில் படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆனால் நாள்தோறும் கடந்துபோகும் தெருவும், அதில் நடக்கும் தொழிலும் பெரும்பாலும் எவர் கருவியிலும் பதிவதில்லை. பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் அதை ஒரு நாள்வழக்கமாகக் கொண்டால் என்ன பெறுவர் என்பதை இப்பாடம் பேசுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, இழைகளைச் சீர்செய்வது நெசவாளர் தெருக்களின் விடியற்காலைக் காட்சி. சாய்ந்து விழும் இளவெயிலில் ஆயிரக்கணக்கான இழைகள் தனித்தனியே மின்னும். வெயில் ஏறியதும் பாவு சுருட்டப்பட்டு வீட்டுக்குள் போய்விடும். தெரு மீண்டும் வெறும் தெருவாகும். இத்தெருவில் வளரும் மாணவர் ஒருவர், 'நம் ஊரில் படம் எடுக்க என்ன இருக்கிறது?' என்று கேட்டுவிட்டுக் கடற்கரைக்கும் மலைக்கும் போகும் நாளுக்காகக் காத்திருப்பது உண்டு. கண்ணுக்குப் பழகியது கருத்தில் படுவதில்லை. அந்தப் பழக்கத்தை உடைப்பதே நாள்தோறும் படம் எடுப்பவரின் முதல் வேலை.

'புகைப்படம்' என்ற சொல் வழக்கில் வேரூன்றிவிட்டது. எனினும் பொருளால் நெருங்கிய சொல் 'ஒளிப்படம்' என்பதே. 1839இல் பாரிசில் தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் இக்கலைக்கு 'ஒளியால் எழுதுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு பெயரிட்டார். எழுதக் கற்பவர் நாள்தோறும் எழுதுவதைப் போல, ஒளியால் எழுதுபவரும் நாள்தோறும் ஒளியைப் படித்தாக வேண்டும்.

ஒளியைப் படிக்கப் பட்டைவிட நல்ல பாடநூல் இல்லை. மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறு நிறமாகவும் அமைவதால், நேராகப் பார்க்கையில் நீலமாகத் தோன்றும் துணி சற்றே சாய்த்ததும் பச்சையாகிறது. இதை ஒரே படத்தில் அடக்க முயன்று தோற்பவர், மறுநாள் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். அதற்கு மறுநாள் சன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்பார். ஜரிகையும் அப்படியே. நேர் எதிரில் விழும் ஒளியில் அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பக்கவாட்டு ஒளியில்தான் புட்டாவின் மேடும் பள்ளமும் தெரியும். கைப்பேசியின் மின்னல் விளக்கைப் போட்டு எடுத்த பட்டுப்படங்கள் பெரும்பாலும் பட்டின் அழகைக் கெடுத்த படங்களே.

தறி இன்னொரு பாடத்தைக் கற்பிக்கும். குழித்தறி இருக்கும் அறைக்குள் வாயிலிலிருந்தும் கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்தும் வரும் ஒளி மிகக் குறைவு. அங்கே கருவி தானாகவே ஷட்டரை நீண்டநேரம் திறந்து வைக்கிறது. கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். முழங்கையைத் தூணிலோ நிலைப்படியிலோ ஊன்றிக்கொள்வதே இதற்கு எளிய மருந்து. நொடியில் 15இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால், பாவின் நடுவே ஓடும் நாடா ஒரு கீற்றாக நீளும். அசையாதிருக்கும் நெசவாளரின் முகம் தெளிவாக விழும். 500இல் ஒரு பங்கு நேரத்தில் நாடாவே நின்றுபோகும். ஆனால் அதற்குப் போதிய ஒளி வேண்டும். எது வேண்டும் என்பதை எடுப்பவர் முடிவுசெய்கிறார். அந்த முடிவில்தான் கலை தொடங்குகிறது.

இவ்வாறு பழகிய பொருளை விடாமல் பார்த்தவர்களுள் தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன் தனித்து நிற்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகள் பார்த்தபின் எழுத்தும் ஒளிப்படமுமே வாழ்வாகக் கொண்டார். கொல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். யானையையும் காட்டெருதையும் தேடிக் காடு சென்ற அதே ஆர்வத்தோடு, வீட்டைச் சுற்றித் திரியும் காகம், அணில், பல்லி ஆகியவற்றையும் கவனித்து எழுதினார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். விலையுயர்ந்த கருவி கிடைத்தபின் தொடங்கலாம் எனத் தள்ளிப்போடுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

அக்காலத்தார்க்குப் படச்சுருளே ஓர் ஒழுங்கைக் கற்பித்தது. 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றில் 36 படங்கள். அதன்பின் புதுச்சுருளுக்குக் காசு வேண்டும். ஆகவே பார்த்து, நின்று, எண்ணி எடுத்தனர். இன்று அந்தக் கட்டுப்பாட்டை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளைக்கு ஒரே ஒரு படம் என்பது அதற்கு ஏற்ற எல்லை. பத்து எடுத்தாலும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை நீக்கிவிடலாம்; நீக்கும்போது ஏன் நீக்குகிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நாளொரு படம் என்னும் நோன்பைக் கடைசிவரை காத்தவர் அமெரிக்காவின் ஜேமி லிவிங்ஸ்டன். மாணவராக இருந்த காலத்தில், 1979 மார்ச் 31 அன்று உடனடிப் படம் தரும் போலராய்டு கருவியால் தொடங்கினார். 1997 அக்டோபர் 25 அன்று, தம் 41ஆம் பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை தொடர்ந்தார். 6,000க்கும் மேற்பட்ட அப்படங்களில் உணவுத்தட்டும் நண்பர் முகமும் இறுதியில் மருத்துவமனை அறையும் இருக்கின்றன. தனியே எடுத்துப் பார்த்தால் பல படங்கள் மிகச் சாதாரணமானவை. நாள் வரிசையில் அடுக்கியதும் அவை ஒரு வாழ்க்கையாகிவிடுகின்றன. அந்த வரிசையைக் காத்தது அவர் குறித்துவைத்த தேதி.

ஆரணி போன்ற ஊரில் இக்குறிப்பின் தேவை இன்னும் கூடுதல். விசைத்தறி பெருகுகிறது, நெசவை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. தறி நின்றுபோன வீட்டில் குழியை மூடித் தரை போட்டுவிட்டால், அங்கே ஒருவர் கால்களைக் குழிக்குள் இறக்கி அமர்ந்து நெய்தார் என்பதற்கு அடையாளமே இராது. அச்சு, விழுது, நாடா, தார் என்ற சொற்களும் பொருள்களோடு சேர்ந்தே மறையும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, தெரு, செய்தொழில், கருவிக்கு நெசவாளர் வழங்கும் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அச்சொற்களை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதினால், படத்தில் விழாத செய்தி பலவும் கூடவே கிடைக்கும்.

கேட்பது என்பது படம் எடுக்குமுன்னும் உண்டு. பிறர் வீட்டுத் தறியறை காட்சிக்கூடம் அன்று. இசைவு பெற்றே உள்ளே போக வேண்டும். வேண்டாம் என்றால் கருவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் போட்ட முந்தானை வடிவம் நெய்பவரின் பிழைப்பு. அது சமூக ஊடகத்தில் பரவிய சில நாள்களில் வேறெங்கோ ஒரு விசைத்தறியில் மலிவாக ஓடத் தொடங்கலாம். அத்தகைய படம், சேலை கடைக்குப் போய்ச் சேரும்வரை எடுத்தவரிடமே இருக்கட்டும். நெய்தவருக்கு மட்டும் ஒரு படி அச்சிட்டுக் கொடுக்கலாம்.