மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ்: இரண்டாம் உலக மகா யுத்தத்தில் தலைமைத்துவத் தவறுகளும் உயிரிழப்பும்



இரண்டாம் உலக மகா யுத்தம் என்றதும் எம்மில் பலருக்கு ஹிட்லர், போலந்து, ஹிரோஷிமா ஆகிய பெயர்களே நினைவிற்கு வருகின்றன. யுத்தம் எங்கோ தொலைவில் நடந்தது என்ற எண்ணத்துடனேயே பாடத்தைப் படிக்கின்றோம். ஆனால் வினாயகபுரம் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை எனத் தொடரும் இதே கரையோரத்தில், மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 50 மீற்றர் ஆழத்தில், பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இன்றும் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி அது மூழ்கியபோது 307 பேர் உயிரிழந்தனர். (அம்பாறை மாவட்டம் 1961 இல் உருவாக்கப்படும் வரை எமது கரையோரமும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதையும் நினைவிற் கொள்க.)

இந்த 307 பேரும் கோழைகளாக இருந்ததால் இறக்கவில்லை. பயிற்சி இல்லாததாலும் இறக்கவில்லை. அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் எடுத்த தீர்மானங்களினாலேயே பாதுகாப்பின்றிக் கடலில் அகப்பட்டனர். அத்தகைய தீர்மானத்தினால் நேரும் அழிவு நான்கு மாதங்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலாவது பாடம்: மலாயாக் கடல், 1941 டிசம்பர்

1941 டிசம்பர் 7 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அதே வேளையில் யப்பானியத் துருப்புகள் மலாயாவிலும் தரையிறங்கத் தொடங்கின. அவற்றைத் தடுப்பதற்காகப் 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களுடன் கடற்படைத் தளபதி ரொம் பிலிப்ஸ் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். அவருடன் விமானந்தாங்கிக் கப்பல் எதுவும் செல்லவில்லை. தான் இருக்கும் இடத்தை எதிரி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக வானொலிச் செய்தி அனுப்புவதையும் அவர் தவிர்த்தார். இதனால் சிங்கப்பூரில் ஆயத்தமாக நின்ற சண்டை விமானங்களுக்கு அவர் எங்கே உள்ளார் என்பது தெரியவில்லை. தாக்குதல் தொடங்கிய பின்னரும் அவர் உதவி கோரவில்லை. 'றிபல்ஸ்' கப்பலின் தலைவர் தாமாகவே செய்தி அனுப்பினார். விமானங்கள் வந்து சேர்ந்தபோது இரு கப்பல்களும் நீரின் கீழே இருந்தன. டிசம்பர் 10 ஆம் திகதி நிகழ்ந்த இச்சம்பவத்தில் 840 பேர் இறந்தனர். பிலிப்ஸும் அவர்களுள் ஒருவராவார்.

எவ்வளவு பெரிய கப்பலாயினும் விமானப் பாதுகாப்பு இன்றிப் பகலில் கடலில் நின்றால் விமானங்களினால் அழிக்கப்படும் என்பது அன்று நிரூபணமாயிற்று. அக்காலத் தளபதிகள் பலர் பீரங்கிக் கப்பலே கடலின் அரசன் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள். அந்நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களோ கீழ்த்தளங்களில் இயந்திரங்களுக்கு அருகில் நின்ற மாலுமிகள்.

சிங்கப்பூரிலும் இதே போக்கையே காண்கின்றோம். வடக்குக் கரையில் அரண்கள் அமைக்க வேண்டும் என்று பொறியியல் பிரிவின் தலைமை அதிகாரி வலியுறுத்தினார். படையினரதும் மக்களதும் மனத்தைரியம் குன்றும் எனக் கூறி ஜெனரல் பேர்சிவல் அதனை ஏற்கவில்லை. யப்பானியர் அவ்வடக்குக் கரை வழியாகவே வந்தனர். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது அங்கு மட்டும் சுமார் 80,000 படையினர் கைதிகளாயினர். மலாயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக் கணக்கில் சியாம் - பர்மா புகையிரதப் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டு, பட்டினியாலும் நோயாலும் மாண்டதும் இத்தோல்வியின் பின்னரே. பாடநூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் விடயம் இது.

இலங்கை யுத்த முனையாக மாறுதல்

சிங்கப்பூர் வீழ்ந்ததும் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியரின் பிரதான தளங்களாகக் கொழும்பும் திருகோணமலையும் எஞ்சின. கீழைத்தேயக் கடற்படையின் தளபதியாகச் சேர் ஜேம்ஸ் சொமர்வில் 1942 மார்ச் இறுதியில் பொறுப்பேற்றார். அவரிடம் 5 போர்க்கப்பல்கள் இருந்தன. ஐந்துமே முதலாம் உலக மகா யுத்த காலத்தில் கட்டப்பட்டவை. அவற்றுள் நான்கு வேகம் குறைந்தவை. எதிரே வந்த யப்பானியத் தளபதி நகுமோவிடம் 5 விமானந்தாங்கிக் கப்பல்களும் சுமார் 300 விமானங்களும் இருந்தன. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவரும் இதே நகுமோதான்.

யப்பானியரின் இரகசியச் செய்திகளை இடைமறித்து வாசித்த புலனாய்வுப் பிரிவினர், ஏப்ரல் 1 ஆம் திகதியளவில் இலங்கை தாக்கப்படும் என எச்சரித்திருந்தனர். சொமர்வில் கப்பல்களை ஒன்றுசேர்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஏப்ரல் 2 வரை எவரும் வரவில்லை. எண்ணெயும் குடிநீரும் குறைந்தன. எச்சரிக்கை தவறானது என்று அவர் முடிவு செய்தார். மாணவர்களே, இவ்விடத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். எதிரி குறித்த நாளில் வரவில்லை என்பதற்கும் எதிரி வரமாட்டான் என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு மறக்கப்பட்டது.

பிரதான படையை மாலைதீவின் அத்துத் தீவுக்கு அழைத்துச் சென்ற அவர், 'டோர்செட்சயர்', 'கோர்ண்வோல்' ஆகிய இரு பாரிய குரூசர் கப்பல்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸையும் 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் திருகோணமலைக்கும் அனுப்பினார். ஒன்றாக இருந்த படை மூன்றாகச் சிதறியது. ஏப்ரல் 4 ஆம் திகதி அத்துத் தீவில் எண்ணெய் ஏற்றத் தொடங்கிய சில மணி நேரத்தில் செய்தி வந்தது. கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா வேவு விமானம் ஒன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியப் படையைக் கண்டுவிட்டது. அதன் விமானி, கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சல், செய்தியை அனுப்பிக் கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். யுத்தம் முடியும் வரை யப்பானியரின் கைதியாக இருந்தார். 'இலங்கையின் இரட்சகர்' எனப் பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர் இவரே.

ஏப்ரல் 5: ஈஸ்டர் ஞாயிறு

எச்சரிக்கை கிடைத்தும் கொழும்பில் நிகழ்ந்தது என்ன? ராடர் நிலையம் இருந்தும் உரிய நேரத்தில் அறிவித்தல் வரவில்லை. இரத்மலானையிலிருந்த சண்டை விமானங்கள், தலைக்கு மேல் எதிரி விமானங்கள் வந்த பின்னரே மேலெழும்ப முயன்றன. அவ்வேளையில் ஒன்றுமறியாது வந்து சேர்ந்த, வேகம் குறைந்த 6 சுவோட்பிஷ் விமானங்கள் ஒன்று விடாமல் வீழ்த்தப்பட்டன.

'டோர்செட்சயர்', 'கோர்ண்வோல்' ஆகியன முதல் நாள் இரவே கொழும்பை விட்டுப் புறப்பட்டிருந்தன. பிரதான படையுடன் மீண்டும் சேர்வதற்காக அவை விமானப் பாதுகாப்பு எதுவுமின்றிச் சென்றன. ஏப்ரல் 5 பிற்பகலில் யப்பானிய விமானங்கள் அவற்றைக் கண்டன. சுமார் 20 நிமிடங்களில் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தனர். எஞ்சிய 1,122 பேரும் எண்ணெய் படர்ந்த நீரில், காயங்களுடன், வெயிலிலும் இருளிலுமாக 30 மணித்தியாலம் வரை மிதந்த பின்னர் மறுநாள் மீட்கப்பட்டனர். வினாத்தாளில் 'இரு கப்பல்கள் மூழ்கின' என்று எழுதும்போது அந்த 30 மணித்தியாலத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் 9: ஹேர்மிஸ்

ஹேர்மிஸ் 1924 இல் சேவையில் சேர்க்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. ஏப்ரல் 8 ஆம் திகதி எதிரிப்படை மீண்டும் காணப்பட்டதும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டது. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் இலகுவான இலக்காகும். ஆகவே கட்டளையில் நியாயம் இருந்தது. எனினும் ஹேர்மிஸின் விமானங்கள் சீனக்குடா விமானத்தளத்தில் தரையில் இருந்தன. அவையின்றியே கப்பல் அன்றிரவு கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றது. விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் தாங்குவதற்கு விமானம் இல்லை!

மறுநாள் காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. அதன் பின்னர் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸை யப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டது. திரும்பி வந்து திருகோணமலை விமானங்களின் பாதுகாப்பைப் பெறுமாறு கப்பலுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் திருகோணமலையின் தொடர்புகள் குண்டுவீச்சினால் சீர்குலைந்திருந்தன. பாதுகாப்பு வரவில்லை. மு.ப. 10.35 மணியளவில் தாக்குதல் ஆரம்பமாகியது. 40 வரையிலான குண்டுகள் கப்பலைத் தாக்கின. 10.55 அளவில், அதாவது நீங்கள் பாடசாலையில் ஒரு பாடவேளையை முடிப்பதற்கும் முன்னர், ஹேர்மிஸ் மூழ்கிவிட்டது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். 'வம்பயர்' கப்பலும் தன் தலைவருடன் மூழ்கியது. 'ஹொலிஹொக்' என்னும் சிறு போர்க்கப்பலும் இரு எண்ணெய்க் கப்பல்களும் அன்றே அழிந்தன. உதவிக்கு அனுப்பப்பட்ட சண்டை விமானங்கள், மலாயாவில் நடந்தது போலவே, ஹேர்மிஸ் மூழ்கிய பின்னரே வந்தன.

அருகே சென்று கொண்டிருந்த 'வீற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. சிலர் கரைக்கு நீந்தி வந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கடலையன்றி வேறு கல்லறை இல்லை. கப்பலின் சிதைவைச் சுற்றி இன்று மீன்கள் கூடுகின்றன. நீர்மூழ்கிகளும் அதனைக் காணச் செல்கின்றனர்.

சொமர்வில்லை எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்விடத்தில் மாணவர் பலர் 'சொமர்வில் திறமையற்றவர்' என எழுதி முடித்து விடுவர். அது போதிய விடையன்று. அவர் தமது பழைய போர்க்கப்பல்களுடன் பகலில் நகுமோவை எதிர்த்திருந்தால் ஆயிரக் கணக்கானோர் மேலும் இறந்திருப்பர். ஆகவே அவர் பிரதான படையை விலக்கி, அதன் ஒரு பகுதியைக் கிழக்காபிரிக்கக் கரைக்கு அனுப்பினார். அது பெருமைக்குரிய செயலாகத் தோன்றாவிடினும் உயிர்களைக் காத்த தீர்மானமாகும். ஒரே தளபதி ஒரே வாரத்தில் பிழையான தீர்மானத்தையும் சரியான தீர்மானத்தையும் எடுத்துள்ளார். ரொம் பிலிப்ஸ் பெற்ற பாடத்தை அவர் பாதி கற்றிருந்தார் என்பது எமது கருத்து: பெருங்கப்பல்களைப் பொறுத்தவரை கற்றார், தனியே அனுப்பிய கப்பல்களைப் பொறுத்தவரை மறந்தார். மேலும் ராடர், தொலைபேசி, விமானத்தளம், துறைமுகம் ஆகியவற்றிற்கிடையே ஒழுங்கான இணைப்பு இல்லாமை தனியொருவரின் குற்றமன்று. அது நிருவாகத்தின் குறைபாடாகும்.

வென்றவரும் பாடம் கற்கவில்லை. ஏப்ரல் 9 ஆம் திகதி கொழும்பிலிருந்து சென்ற 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள், நகுமோவின் தலைமைக் கப்பலான 'அக்காகி'க்கு மேலே யாரும் கவனிக்காமலே வந்து குண்டுகளை வீசின. குண்டுகள் கடலில் விழுந்தன. 9 இல் 5 விமானங்கள் திரும்பவில்லை. தன் கப்பல்களையும் திடீரெனத் தாக்க முடியும் என்பதற்கு நகுமோவுக்குக் கிடைத்த எச்சரிக்கை இது. ஆனால் காவல் ஒழுங்குகள் திருத்தப்படவில்லை. 1942 யூன் 4 இல் மிட்வே சமரில் விமானங்களுக்கு ஆயுதங்களை மாற்றி ஏற்றிக் கொண்டிருந்த வேளையில் அமெரிக்க விமானங்கள் வந்தன. இலங்கையைத் தாக்கிய அக்காகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும், 'காகா' என்னும் கப்பலும் அழிந்தன. சுமார் 3,000 யப்பானியர் உயிரிழந்தனர். அவர்களுள்ளும் பெரும்பாலானோர் கட்டளையிட்டவர்கள் அல்லர்.

விடை எழுதும்போது கவனிக்க

ஹேர்மிஸ் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கியது என எழுதுவது மாணவர் விடும் பொதுவான பிழை. அது மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஏப்ரல் 5 கொழும்புக்கும் ஏப்ரல் 9 திருகோணமலைக்கும் உரிய திகதிகள். மாற்றி எழுத வேண்டாம். 'யப்பான் பலமாக இருந்தது, எனவே பிரித்தானியா தோற்றது' என்பது காரண விளக்கம் ஆகாது. என்ன தெரிந்திருந்தது, என்ன தீர்மானிக்கப்பட்டது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என மூன்று படிகளாக எழுதப் பழகுங்கள். மலாயாக் கடலில் 840, இரு குரூசர் கப்பல்களில் 424, ஹேர்மிஸில் 307 என மொத்தம் 1,571 உயிர்கள். இவ்வெண்களை மனனம் செய்தால் எந்த வினாவிலும் பயன்படுத்தலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 1941 டிசம்பர் 10 ஆம் திகதிச் சம்பவத்திற்கும் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதிச் சம்பவத்திற்கும் இடையே உள்ள இரு ஒற்றுமைகளைக் குறிப்பிடுக. (குறிப்பு: உதவி விமானங்கள் வந்த நேரத்தைக் கவனிக்க.)

2. ஏப்ரல் 2 ஆம் திகதியின் பின்னர் சொமர்வில் படையைப் பிரித்தமையினால் ஏற்பட்ட விளைவுகளை விளக்குக.

3. 'ஹேர்மிஸின் அழிவுக்குத் தனியொரு தளபதியை மட்டும் பொறுப்பாக்க முடியாது.' இக்கூற்றை ஆதாரங்களுடன் ஆராய்க.

4. உமது ஊரில் வயது முதிர்ந்த ஒருவரிடம், 1942 ஆம் ஆண்டு யப்பான்காரன் குண்டு போட்ட காலம் பற்றி அவருடைய பெற்றோர் கூறியவற்றைக் கேட்டு எழுதுக. அக்கூற்றை மேலே படித்த தகவல்களுடன் ஒப்பிட்டு, எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை எனக் காட்டுக.