வெல்டிங் பளபள, பக்கத்தில் துரு

கேள்வி: எங்கள் ஆலையின் எவர்சில்வர் தொட்டியில் வெல்டிங் போட்ட கோடு நன்றாக இருக்கிறது. சில மில்லிமீட்டர் தள்ளித் தகடு மட்டும் கோடு கிழித்ததுபோல் அரித்துவிட்டது. இது எப்படி வருகிறது?

பதில்: எவர்சில்வரோடு கூடவே பிறந்த வியாதி இது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், குருப் நிறுவனத்தின் ஸ்ட்ராஸும் மௌரரும் 1912-இல் குரோமியம், நிக்கல் கலந்த எஃகை உருவாக்கினார்கள். நம் வீட்டுப் பாத்திரத்து 18/8 அதன் வாரிசுதான்.

எஃகு ஒரே பாளமாகத் தெரிந்தாலும், உள்ளே நுண்ணிய படிக மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. தகட்டைத் துருவிலிருந்து காப்பது குரோமியம் தரும் மெல்லிய ஆக்சைடு படலம். அதற்கு ஏறக்குறைய 11 சதவீதம் குரோமியமாவது வேண்டும். 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் தகடு சற்று நேரம் நின்றால், எஃகிலுள்ள கார்பன் மணிகளின் விளிம்புக்கு வந்து குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு ஆகிவிடும். மணியின் நடுவே 18 சதவீதம் அப்படியே இருக்க, விளிம்போரம் மட்டும் குரோமியம் வற்றிப்போகிறது. அமிலம் அந்த விளிம்பு வழியாகவே உள்ளே இறங்கும். முற்றினால் மணிகள் கழன்று உதிரும்.

வெல்டிங்கை ஒட்டிய இடம் இதைவிடக் கடுமையாகச் சூடாகி, சட்டென்று ஆறிவிடுகிறது. சற்றுத் தள்ளியுள்ள பட்டைதான் அந்த வேண்டாத சூட்டில் அதிக நேரம் கிடக்கிறது. கனத் தகட்டில் ஆறவிடாமல் அடுக்கடுக்காக ராடு ஓட்டினால் கேட்கவே வேண்டாம். மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும். டிபன் டப்பாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மருந்தாக முதலில் டைட்டானியம் சேர்த்தார்கள். குரோமியத்துக்கு முந்திக்கொண்டு அது கார்பனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெல்டிங் ராடில் டைட்டானியம் வைத்தால் ஆர்க்கிலேயே பாதி வீணாகும். அதனால் ராடுக்கு நியோபியம். இன்னொரு வழி, கார்பனையே 0.03 சதவீதத்துக்குள் அடக்குவது. ஆக்சிஜனை மட்டும் ஊதினால் கார்பனோடு விலையேறிய குரோமியமும் எரிந்துபோகும் என்பதால் இது நெடுநாள் செலவுபிடித்த வேலையாக இருந்தது. ஆக்சிஜனோடு ஆர்கானும் கலந்து ஊதும் முறை 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆலைக்கு வந்த பிறகுதான் இப்படிக் கார்பன் குறைந்த 304எல் ரக எஃகு மலிவானது.

உங்கள் தொட்டியில் கார்பன் குறைந்த 308எல் ராடு போட்டதாகப் பட்டறைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் தகடு சாதாரண 304 என்றால் அதில் 0.08 சதவீதம் வரை கார்பன் இருக்கலாம். அரித்தது தகடு. தகட்டின் சான்றிதழைக் கேளுங்கள்.