ஆண் குழந்தைக்கு விதை இறங்கவில்லையா? சுன்னத் வரை காத்திருக்க வேண்டாம்

ஆண் குழந்தையின் விதைப்பையைப் பற்றிப் பேச நம் வீடுகளில் கூச்சப்படுகிறோம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடுகிறோம். சிலருக்குச் சுன்னத் செய்யும்போதுதான் ஒரு விதை இல்லை என்பதே தெரிய வருகிறது. அதற்குள் சிகிச்சைக்கு ஏற்ற வயது கடந்துவிடுகிறது.

ஏன் இப்படி?

கருவில் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் பைக்குள் இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 3 பேருக்கு இது முழுமையாக நடப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதத்துக்குப் பிறகு இறங்குவது அரிது.

உடல் சூட்டிலேயே தங்கும் விதை மெல்லப் பழுதாகிறது. பின்னாளில் குழந்தைப்பேறு குறையலாம். புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது.

கைக்கே தட்டுப்படாவிட்டால்?

ஐந்தில் ஒருவருக்கு விதை கைக்குத் தட்டுப்படுவதில்லை. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் விதையே இல்லை என்று முடிவு செய்ய முடியாது. இதற்குத்தான் லேப்ராஸ்கோப்பி. 1976இல் இத்தாலிய மருத்துவர்கள் இதற்கு முதன்முதலில் பயன்படுத்திய முறை இது.

மயக்க மருந்து கொடுத்தபின் மருத்துவர் மறுபடி தடவிப் பார்ப்பார். அப்போதும் தட்டுப்படாவிட்டால், தொப்புள் அருகே சிறு துளையிட்டு, வாயு செலுத்தி, கேமராவால் உள்ளே பார்ப்பார். மூன்றில் ஒன்று தெரியும்:

1. விதைக்குப் போகும் ரத்தக்குழாய் பாதியிலேயே முடிந்திருக்கும். விதை கருவிலேயே அழிந்துவிட்டது. மேலும் தேட வேண்டியதில்லை.
2. ரத்தக்குழாய் தொடை இடுக்கு நோக்கிப் போகும். அங்கே சிறிதாகத் திறந்து பார்ப்பார்கள்.
3. விதை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதைப் பைக்குள் இறக்கித் தைப்பார்கள். மிக மேலே இருந்தால் சுமார் 6 மாத இடைவெளியில் இரண்டு முறையாகச் செய்வார்கள்.

நாம் செய்ய வேண்டியது

குளிப்பாட்டும்போது இரண்டு விதைகளும் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு இரண்டுமே தட்டுப்படாவிட்டால் உடனே காட்டுங்கள், சுன்னத்தையும் தள்ளிவையுங்கள். 6 மாதமாகியும் இறங்காவிட்டால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் உடன் கொண்டுபோங்கள்.

ஒரு நாள் தறிக்கூலி போகும்தான். ஆனால் பிள்ளையின் நாளைய குடும்ப வாழ்வு அதைவிடப் பெரிது. வயது கூடிவிட்டது என்றும் விட்டுவிடாதீர்கள். எந்த வயதிலும் காட்டுவது நல்லது.