துபாய் வெயிலில் மொராவியா ஒயின்

செக் நாட்டு ஒயினில் பெரும்பங்கு மொராவியாவில் விளைவது. கந்தகம் குறைவாகச் சேர்த்து, வடிகட்டாமல் அடைத்த வெள்ளை ஒயின் கலங்கலாக இருந்தால் பதற வேண்டாம். அது ஈஸ்ட் வண்டல்தான். வெயில்தான் இந்த ஒயினுக்குப் பகை. ஜூலை மாதத்தில் மீன், காய்கறி எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, கடைசியாக இதை வாங்கி நேரே வீட்டுக்குப் போங்கள். கார் டிக்கி உதவாது, ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் வையுங்கள்.

பரிமாற 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்றுப் பொறுத்து ஊற்றினால் மணம் எழும். எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவலுக்கு அருமை. காரக் குழம்போடு வேண்டாம், எரிச்சல்தான் கூடும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

துபாயில் வசிப்பவர்கள் கடையில் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உரிமமும் வேண்டும்; 2023 முதல் அதற்குக் கட்டணமில்லை. ஷார்ஜாவிலும் குவைத்திலும் மதுவுக்குத் தடை. குடித்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.