பழைய வண்டியும் புதிய மனையும்

ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு உணவும் உடையும் போலவே உறையுளும் இன்றியமையாதது. அவ்வுறையுளை வழியிலே தேடிக்கொள்வோர் பலர். தம்முடனே கொண்டுசெல்வோர் சிலர். அச்சிலருள் நம் முன்னோரும் இருந்தனர் என்பது சங்க நூல் பயில்வோர் அறிந்ததே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகரது வண்டியொன்று வருகின்றது. மேலே கூரை; வாயிலிலே கோழிக்கூடு; கயிற்றாற் பிணித்துத் தொங்கவிட்ட காடிக் கலம்; கைக்குழந்தையோடு இருந்து எருதுகளைச் செலுத்தும் இல்லக்கிழத்தி. ஒரு குடும்பம் முழுவதும் சக்கரத்தின் மேல் ஏறி வழிநடக்கும் காட்சி அது. புறநானூற்றிலோ ஔவையார், பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் வருவதறியாத உமணர் தம் வண்டியின் அடிமரத்திலே கட்டிவைக்கும் 'சேம அச்சு' என்னும் மாற்று அச்சினைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். பழைய பயணி வேன் ஒன்றைத் தங்கும் மனையாக மாற்றும் முறையை ஆராயப் புகுந்த எமக்கு இவ்விரு பாட்டுகளுமே முதற்பாடமாயின.

ஆராய்ச்சிக்கு ஏது

இவ்வாராய்ச்சி விளையாட்டாற் பிறந்ததன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை இப்பகுதியார் மறக்கமாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அவ்விரயிற் பெட்டிகளே பலர்க்கு வீடாயின.

ஸ்ரீவைகுண்டத்திற்குக் கீழே ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் எம் சிறிய தந்தையார் வாழ்கின்றார். பன்னிருவர் அமரக்கூடிய பழைய வேன் ஒன்று அவரிடம் உண்டு. அவ்விரவு வீட்டினுள் நீர் புகுந்தபோது, எம் ஆச்சி உட்பட அறுவர் அவ்வண்டியில் ஏறி மேட்டு நிலம் சேர்ந்தோம். மூன்று இரவுகள் அதனுள்ளே கழிந்தன. மழை நனைக்கவில்லை, வெள்ளமும் எட்டவில்லை. ஆயினும் எண்பது வயதைக் கடந்த ஆச்சி மூன்று இரவும் உட்கார்ந்தே இருக்க நேர்ந்தது. கால்கள் வீங்கின. "காலை நீட்ட ஒரு பலகை இருந்தாற் போதும் ஐயா" என்று அவர் சொன்ன சொல் எம் செவியை விட்டு நீங்கவில்லை. அப்பலகையைத் தேடியே இம்முயற்சி தொடங்கிற்று.

பிறர் செய்தவை

இங்கிலாந்தில் கப்பற்படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் 1885ஆம் ஆண்டில், குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டியொன்றைத் தமக்கெனச் செய்வித்து நாடு சுற்றினார். ஆனால் எம்போன்றார்க்கு ஏற்ற முன்மாதிரி ஜெர்மானிய நாட்டில் உள்ளது. போக்ஸ்வாகன் வேன் 1950இல் வெளிவந்தபின், வெஸ்ட்பாலியா என்னும் தொழிற்சாலையார் 1951இல் அதற்கொரு தங்குபெட்டி செய்தனர். படுக்கையும் அறையும் அடங்கிய அப்பெட்டியை வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். வேலைநாளிற் சரக்கு வண்டி, ஓய்வுநாளில் வீடு. வண்டியை அறுக்காமல் வீட்டை மட்டும் ஏற்றி இறக்கும் இவ்வுத்தியே எமக்கு வழிகாட்டிற்று.

நம் நெல்லை நாட்டிலும் வழியையே வீடாகக் கொண்டோர் இருந்தனர். கால்டுவெல் ஐயர் 1841இல் சென்னையினின்று நடந்தே புறப்பட்டு, நீலகிரி வழியாக வந்து இடையன்குடி சேர்ந்தார். இராக்லண்டு ஐயர் 1854 முதல் வட நெல்லைச் சிற்றூர்களிற் கூடாரமடித்து வாழ்ந்து, 1858இற் சிவகாசியில் உயிர்நீத்தார். பயணத்திற்கு இன்றியமையாதவை எத்துணைச் சிலவென்பதை அன்னார் வாழ்க்கை அறிவுறுத்தும்.

சட்டம் கூறுவது

வாளும் சுத்தியும் எடுப்பதற்கு முன்னே சட்டத்தை அறிதல் வேண்டும். இருக்கைகளைக் கழற்றி எறிந்து, கூரையைத் துளைத்து, உள்ளே மரவீடு கட்டிவிடலாம் என்றே யாம் முதலில் எண்ணினோம். அது பிழை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் வண்டி செய்தோர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு உடையவர் வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இசைவின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இருக்கைகளின் எண்ணிக்கையும் வண்டியின் நிறமும் சான்றிதழில் உள்ளன என்பதை மறத்தலாகாது. தொழின்முறையிற் செய்யப்படும் தங்கு வண்டிகளுக்கோ ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனித் தரநெறி உண்டு.

ஆகவே யாம் கொண்ட விதி ஒன்றே: வண்டியில் எதையும் கழற்றுவதில்லை, அறுப்பதில்லை, துளைப்பதில்லை. மூட்டை முடிச்சைப் போல ஏற்றி இறக்கத்தக்கவற்றையே செய்வது. இதற்கு மேலும் செய்ய விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டு இசைவு பெறுதல் கடன்.

வண்டியை ஆராய்தல்

வீடு கட்டுவோர் முதலில் அடிநிலத்தைப் பார்ப்பர். பழைய வண்டியில் அடிநிலம் என்பது இரும்பு; இரும்பின் பகை துரு. தரையிலுள்ள இரப்பர் விரிப்பை முழுதும் தூக்கிப் பார்த்தோம். சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், கதவின் அடிவிளிம்பு, கூரையோரத்து நீர்க்கால், ஜாக்கி வைக்குமிடம் ஆகிய நான்கிடங்களிலும் துரு ஒளிந்திருக்கும். துருவைச் சுரண்டி, அடைத்து, பூச்சு உலர்ந்த பின்னரே பிற வேலை. நிறுத்துகருவி, டயர், சுக்கான் இவற்றைப் பட்டறையில் காட்டிச் சீர்செய்தோம். ஓடாத வண்டியில் அமைத்த வீடு ஓரிடத்து வீடேயன்றி வேறன்று.

மூன்று பெட்டிகள்

எம் வண்டியின் இருக்கைகள் பக்கவாட்டில் நீளமாக எதிரெதிரே அமைந்தவை. ஒவ்வொன்றும் 180 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். இடைவழி 50 சென்டிமீட்டர். இவ்விடைவழியை இருக்கையின் உயரத்திற்கு நிரப்பிவிட்டால் 130 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டில் தானே அமைந்துவிடும். எனவே 60 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரம் உள்ள மூன்று பெட்டிகள் செய்தோம். மூன்றையும் வரிசையாக வைத்தால் இடைவழி நிறையும். ஒன்றில் சமையற் கலங்களும் உணவும், ஒன்றில் மின்கலமும் கருவிகளும், ஒன்றில் துணியும் படுக்கையும் இருக்கும்.

இங்கு யாம் செய்த பிழையையும் சொல்லவேண்டும். உறுதி கருதி முதற்பெட்டியை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையிற் செய்தோம். அது வெறும் பெட்டியாகவே ஏறத்தாழ 16 கிலோ இருந்தது. 12 மில்லிமீட்டர்ப் பலகையிற் செய்தபோது 11 கிலோவாயிற்று. மூலைகளில் மரச்சட்டம் வைத்தபின் இருவர் ஏறி அமர்ந்தும் அசையவில்லை. உறுதி பருமனில் இல்லை, பொருத்தில் இருக்கின்றது என்பதைத் தச்சர் ஒருவர் எமக்குக் கற்பித்தார்.

ஓடும்போது இரு பெட்டிகளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே நெருக்கி வைத்து, இலேசான படுக்கைப் பெட்டியை அவற்றின் மேலேற்றி, இருக்கைச் சட்டங்களோடு நாடாவால் இறுகக் கட்டுகிறோம். கட்டாத பொருள், வண்டி திடீரென நிற்கும்போது எறிந்த கல்லாகும். பின்வாயிலை மட்டும் எந்நேரமும் அடைத்தலாகாது. இடர் வரின் வெளியேறும் வழி அதுவே. இவ்வமைப்பில் நால்வரே பயணம் செய்யலாம். பெட்டி, நீர், மின்கலம், பாத்திரம் எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 150 கிலோ. அஃதாவது இரண்டரை ஆள் எடை. எனவே பன்னிருவர்க்குரிய வண்டிக்கு அது மிகையன்று. ஆயினும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்து, சான்றிதழிற் குறித்த எடையோடு ஒப்பிடுதல் நன்று. கனமானது கீழும் நடுவும், இலேசானது மேலும் ஓரமும் இருக்க வேண்டும்.

வெயிலும் காற்றும்

நெல்லை வெயிலில் இரும்புக் கூரை அடுப்பாகும். கூரையின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வெளிர்நிறத் தார்ப்பாயை மூங்கிற்கழிகளிற் கட்டுகிறோம். வெயிலைப் பாய் தாங்க, இடையே ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுசெல்லும். அதன் நீண்ட பகுதியே பின்வாயிலுக்குத் தாழ்வாரமாகின்றது. சன்னல்களுக்குக் கொசுவலை. இரவில் எதிரெதிரான இரு சன்னல்களேனும் சிறிது திறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் மூச்சு நீராவியாகி இரும்பில் வியர்த்து, துருவை மீண்டும் அழைக்கும். படுக்கைக்குப் பஞ்சு மெத்தையின் மேற் பத்தமடைக் கோரைப்பாய் விரித்தோம். அக்கோரையின் குளிர்ச்சிக்கு நிகரில்லை.

நீரும் நெருப்பும்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. நால்வர்க்கு இரண்டு நாளுக்கென 40 லிட்டரை இரு கேன்களில் தாழ்வாக வைக்கிறோம். பருகுநீருக்கு மட்டும் ஒரு சிறு மண்குடம். அதன் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். உடையாதிருக்கத் தென்னைநார் சுற்றிப் பனையோலைப் பெட்டியில் வைத்தோம்.

அடுப்பை வண்டிக்குள் மூட்டுவதேயில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். மேலும், அடைத்த இடத்தில் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றை உண்டாக்கலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். எனவே தாழ்வாரமே எம் அடுக்களை. இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உறங்குதலும் அவ்வாறே தீது.

விளக்கும் விசிறியும்

வண்டியின் மின்கலத்தைத் தொட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஆதலால் 12 வோல்டு, 100 ஆம்பியர்-மணி கொண்ட தனி ஈயமின்கலம் ஒன்று வைத்தோம். அதன் கொள்ளளவு 1,200 வாட்டு-மணி. எனினும் ஈயக்கலத்திற் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே கிடைப்பது 600. பதினைந்து வாட்டு விசிறி எட்டு மணி நேரத்திற்கு 120; ஐந்து வாட்டு விளக்கு நான்கு மணிக்கு 20; இரு கைப்பேசிகளுக்கு 30; ஆக ஒரு நாளைக்கு 170 வாட்டு-மணி. வெயிலே இல்லாவிடினும் மூன்று இரவுகளுக்குப் போதும். அம்மூன்று என்னும் எண்ணை யாம் ஏன் விரும்பினோம் என்பதை வாசகர் உணர்வர். வெயில் உள்ள நாளில் 100 வாட்டுச் சூரியத்தகடு ஒன்றை நின்ற இடத்தில் வெளியே சாய்த்து வைத்தால் செலவுக்கு மேல் வரவாகும். கலத்தின் அருகிலேயே உருகி வைத்தலும், மின்னேற்றும்போது பெட்டியைத் திறந்து காற்றோடவிடுதலும் தவறக்கூடாதவை.

நிறுத்தும் இடம்

ஆற்றங்கரை அழகியது, ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது தங்குமிடமன்று. மேலே மலையிற் பெய்த மழையும் அணையினின்று விடும் நீரும் கீழே உறங்குவோரைக் கேட்டு வருவதில்லை. பாபநாசத்திற்கு அப்பாலுள்ள காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் இசைவின்றி அங்குத் தங்குதல் ஆகாது. வெள்ளத்தை வண்டியாற் கடக்க முயலுதல் எல்லாவற்றினும் பெரும்பிழை. இரண்டடி உயர்ந்து ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச்செல்ல வல்லது. நீர் வருமுன் மேடு சேர்வதற்கே வண்டி, நீரோடு போராடுவதற்கன்று.

முடிவுரை

வேலை முடிந்ததும் சேரன்மாதேவியில் உறவினர் வீட்டுப் புளியமரத்தடியில் ஓர் இரவு தங்கிச் சோதித்தோம். ஆச்சி கால் நீட்டிப் படுத்து விடியும்வரை உறங்கினார். எம் உள்ளம் நிறைந்தது. காலையிலோ அவர் இறங்க முற்பட்டுப் பின்வாயிலில் நின்றுவிட்டார். தரைக்கும் வாயிலுக்கும் இடையே இரண்டடி உயரம். பலகையின் பருமனை அளந்தோம்; மின்னின் வரவு செலவை அளந்தோம்; அவர் முழங்காலை அளக்க மறந்தோம். அன்றே ஒரு சிறு படிப்பலகை செய்து, பிடித்து ஏறக் கயிறும் கட்டினோம். எம் வண்டியில் மிக மலிவானதும் மிக வேண்டியதும் அப்படியே.

உமணர் வண்டியின் அடியிற் கட்டிய சேம அச்சு நாள்தோறும் பயன்படுவதன்று. அது வேண்டாமற் போகும் நாளே நல்ல நாள். எம் மூன்று பெட்டிகளும் இப்பொழுது சிறிய தந்தையார் வீட்டு மச்சில் அடுக்கியுள்ளன. வேன் வழக்கம்போல ஆட்களை ஏற்றி ஓடுகின்றது. ஐப்பசி பிறந்து மேகம் கறுத்தால் அரைமணி நேரத்தில் அவற்றை இறக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். படிப்பலகையை மட்டும் யாம் வண்டியினின்று இறக்குவதேயில்லை.